சவுக்காரக் கொட்டகைச் சத்தியம்

ஜப்பான்காரன் காலத்தில் மலாக்காவில் துணி துவைக்கிற சவுக்காரத்துக்குப் பெரும் பஞ்சம். அவரவர் வீட்டில் தேங்காய் எண்ணெயையும் சாம்பல் தண்ணீரையும் சேர்த்துக் காய்ச்சினார்கள், களியாகத்தான் வந்தது. காஜா பேராங்கில் எங்கள் முதலாளியின் கொட்டகையில் மட்டும் கட்டியாக இறுகியது. எந்தப் பதத்தில் உப்பைப் போடுவது என்பதில்தான் விஷயமே இருந்தது. ரங்கூனில் ஒரு சவுக்காரக் கம்பெனியில் வேலை பார்த்தபோது அவர் கற்றுக்கொண்டு வந்த பக்குவம் அது.

அதை அவரிடம் வேலை செய்த என் அண்ணனுக்குச் சொல்லிக்கொடுக்குமுன், மாரியம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய்ச் சூடம் அணைக்கச் சொன்னார். எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, வேறு யாருக்கும் சொல்வதில்லை என்று அண்ணன் சத்தியம் செய்தார். அண்ணன் உப்புப் போட்ட சவுக்கார அண்டாவைத் துடுப்பால் கிண்டியவள் நான்; பதம் எனக்கும் தெரியும். பொம்பளையிடம் யார் சத்தியம் கேட்கப்போகிறார்கள்?

பிறகு சயாமில் ரயில்பாதை போட ஆள் பிடிக்க ஆரம்பித்தார்கள். போனவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அந்த நேரத்தில் பட்டாளத்துக்குச் சவுக்காரம் காய்ச்ச ஒரு ஜப்பானியக் கம்பெனி வந்தது. அங்கே வேலை செய்கிறவனுக்கு ஒரு சீட்டு உண்டு. சீட்டு இருந்தால் பிடிக்கமாட்டார்கள். அந்தக் கம்பெனியில் கணக்கெழுதுகிற கிராணி அண்ணனைத் தேடி வந்து, பக்குவத்தைச் சொன்னால் வேலையும் சீட்டும் தருவதாகச் சொன்னார்.

"சூடம் அணைச்சிருக்கேன். முடியாது" என்று சொல்லிவிட்டார் அண்ணன்.

வந்த ஆத்திரத்தில் நேரே முதலாளியிடம் போனேன்.

"அந்தச் சத்தியத்த விட்டுக் குடுங்க மொதலாளி. இல்லன்னா எங்கண்ணன் சயாமுக்குப் போயிடும்."

"அம்மன் முன்னால செஞ்சதும்மா. விட்டுக் குடுக்க நான் யாரு? அவனுங்க கட்டியாப் போட்டா நான் இங்க ஈ ஓட்ட வேண்டியதுதான்."

"ரங்கூன்லேர்ந்து நீங்க கொண்டாந்தீங்களே, அது யாரக் கேட்டு?"

அவர் துடுப்பை எடுத்துக்கொண்டு அண்டாப் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் நானே அந்தக் கம்பெனிக்குப் போனேன். அண்ணன் பேரில் சீட்டு எழுதிக் கொடுத்த பிறகுதான் உப்பில் கை வைத்தேன். கட்டியாக வந்தது. சீட்டு வேண்டாம் என்று அண்ணன் முறைத்தார். அவர் சட்டைப் பையில் வைத்துத் தைத்தே விட்டேன். கம்பெனிக்கு வந்து விறகு பிளந்தாரே தவிர, அடுப்புப் பக்கம் அவர் எட்டிப் பார்க்கவில்லை. என்னோடு பேச்சையும் நிறுத்திவிட்டார். பேசாவிட்டால் போகட்டும், ஆள் கண்முன்னால் இருக்கிறாரே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஜப்பான்காரன் போன கையோடு முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கம்பெனிக் கட்டி கடைகளுக்கும் வந்ததில், அதற்குள் அவர் கொட்டகை வியாபாரம் படுத்துவிட்டிருந்தது.

"எந்த நாயி சொல்லிக் குடுத்துச்சு?" என்று தெருவே கேட்கக் கத்தினார்.

நான் வாயெடுப்பதற்குள் அண்ணன் எனக்கு முன்னால் வந்தார்.

"நான்தான் சொன்னேன். தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது."

"அண்ணே!" என்றேன்.

"நீ உள்ள போ, புள்ள."

அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. அழுதுகொண்டே உள்ளே போனேன். சாகும்வரை ஊரில் அவருக்குச் சத்தியம் தவறினவன் என்றுதான் பேர்.