பின்கதவால் போன செபஸ்தியார்

ஊசிப் பெட்டியைத் திறந்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். கட்டிலில் ஆளைக் காணவில்லை. கட்டிலுக்குக் கீழே செருப்பு கிடந்தது. கதிரையில் சேர்ட் தொங்கியது. பின்கதவு ஆவென்று திறந்திருந்தது.

முன்பக்க வாங்கில் உட்கார்ந்து அவருடைய மனைவி பிலோமினா அக்கா செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார்.

"முடிஞ்சுதோ மிஸ்?"

"இன்னும் தொடங்கவே இல்லை அக்கா. ஆள் போயிற்றார்."

"எங்க?"

"பின்கதவால."

அக்கா திடுக்கிடவில்லை. செருப்பையும் சேர்ட்டையும் எடுத்து சொப்பிங் பையில் போட்டார். "திருக்கை முள்ளு காலில ஏறினா குறட்டால இழுத்து எறிஞ்சுபோட்டு வலையைப் பிடிக்கிற மனுசன் மிஸ். ஊசியைக் கண்டா மட்டும் இப்பிடி" என்று சொல்லிவிட்டு, வெறும் மேலோடு பள்ளிமுனைப் பக்கம் நடந்துகொண்டிருந்த கணவரைப் பிடிக்கப் போனார்.

நான் மன்னாரில் பிசியோதெரபிஸ்டாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகள் ட்ரை நீட்லிங் என்ற ஊசிச் சிகிச்சை பற்றி எழுதச் சொல்லிக் கேட்கிறார்கள். எந்த மசிலில் எவ்வளவு ஆழம், எங்கே நுரையீரல் பக்கத்தில் இருக்கிறது, எங்கே கை வைக்கவே கூடாது என்பதெல்லாம் உங்களுக்குப் பயிற்சியில் சொல்லித் தந்திருப்பார்கள். கட்டிலில் ஆள் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால் சந்தியோகு அண்ணையின் கதையை எழுதுகிறேன். பெயரை மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் பள்ளிமுனையில் யாருக்கும் ஆள் யார் என்று கண்டுபிடிக்க அதிக நேரம் எடுக்காது.

1. நோ முன்னுக்கு, ஊசி பின்னுக்கு

அண்ணைக்கு வலது கை தோளுக்கு மேலே போகாது. சாப்பிடலாம், சிலுவை போடலாம், அதற்கு மேலே தூக்கினால் முகம் கோணும். நோ எங்கே என்று கேட்டால் தோளின் முன்பக்கத்தைத் தொட்டுக் காட்டுவார்.

நான் பின்பக்கம், தோள்பட்டை எலும்புக்கு மேலே கிடக்கும் மசிலைப் பெருவிரலால் அழுத்தினேன். "சேசுவே" என்றார். "அதே நோதான். ஆனா முன்னுக்கல்லோ நோகுது?"

ட்ரிகர் பொயின்ற் அப்படித்தான். பாவித்துப் பாவித்துக் களைத்த மசிலில் ஒரு சின்ன இடம் இறுகி முடிச்சுப்போல நின்றுவிடும். தான் ஓரிடத்தில் இருந்துகொண்டு நோவை இன்னோரிடத்துக்கு அனுப்பும். மெல்லிய ஊசியால் அந்த முடிச்சைத் தொட்டால் மசில் ஒருமுறை துடித்து, பிறகு இளகும். ஏன் இளகுகிறது என்று படித்தவர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். இளகுவதை நான் விரலால் உணர்ந்திருக்கிறேன்.

இதை எல்லாம் விளக்கினேன். அண்ணை பொறுமையாகக் கேட்டார்.

"ஊசிக்குள்ள என்ன மருந்து மிஸ்?"

"மருந்து இல்லை அண்ணை."

"மருந்தில்லாத ஊசி. நோகாத இடத்தில." சற்று யோசித்தார். "சரி, எடுங்கோ."

நான் எடுக்கத் திரும்பினேன். மிச்சத்தை மேலே சொல்லிவிட்டேன்.

2. நேர்த்தி

இரண்டு நாள் கழித்து அக்கா அவரைக் கையோடு கூட்டிவந்தார். பின்கதவுக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டுத் தானே உட்கார்ந்துகொண்டார். அன்றுதான் விசயம் முழுவதும் எனக்குத் தெரிந்தது.

அதற்கு முந்தின வருடம் அண்ணையின் படகு நடுக்கடலில் எஞ்சின் நின்று, நீரோட்டத்தோடு இந்தியப் பக்கம் இழுபட்டிருக்கிறது. கயிற்றை இழுத்து இழுத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்திருக்கிறார். கை சோர்ந்த நேரத்தில், கரை சேர்ந்தால் கோயில் பெருநாளுக்குப் போடும் கூத்தில் உமது வேடம் கட்டி ஆடுவேன் என்று செபஸ்தியாருக்கு நேர்த்தி வைத்திருக்கிறார். எஞ்சின் பிடித்தது. ஆனால் அதே கயிற்றை இழுத்த தோள் அன்றோடு பழுதாய்ப் போனது.

செபஸ்தியாரை மரத்தில் கட்டி அம்பு எய்தார்கள் என்பது நம் பகுதியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கூத்தில் அந்தக் கட்டம் முழுவதும் வலது கை தலைக்கு மேலே கட்டப்பட்டிருக்க வேண்டும். அப்படியே நின்று பாட்டும் பாட வேண்டும். வெள்ளுடுப்பு அன்று, அதாவது வேட உடுப்பு இல்லாமல் வெள்ளை வேட்டியில் முழுக் கூத்தையும் ஆடிப் பார்க்கும் நாளில், கை மேலே போகாவிட்டால் வேடம் யோகனுக்கு என்று கூத்துப் பழக்கும் அண்ணாவியார் சொல்லிவிட்டார். யோகன் அக்காவின் தம்பி. கூத்தில் அம்பு எய்பவன். செபஸ்தியாரின் பாட்டு முழுவதையும் ஏற்கனவே பாடமாக்கி வைத்திருந்தான். ஏனடா என்று கேட்டால், சும்மா என்பான்.

"வேடம் போனா நேர்த்தி போச்சு மிஸ்" என்றார் அக்கா. "இவர் திரும்பவும் அந்த எஞ்சினோடதான் கடலுக்குப் போறார்."

அண்ணை கூரையைப் பார்த்தார். "நானும் யோசிச்சனான் மிஸ். செபஸ்தியார் வேதனையைத் தாங்கினவர். நான் ஊசி குத்தி வேதனையைப் போக்காட்டினா, அது நேர்த்திக்குப் பிழையல்லோ?"

நல்ல வாதம். பாதரிடம் போனால் அவருக்கே பதில் சொல்ல அரை நாள் எடுத்திருக்கும்.

"ஓம் அண்ணை. தாங்கினவர்தான்" என்றேன். "ஆனா அவர் பின்கதவால ஓடினவரோ?"

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் எல்லாம் குலுங்கச் சிரித்தார். அண்ணை எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சேர்ட்டைக் கழற்றிக் கட்டிலில் குப்புறப் படுத்தார்.

"நோகுமோ?"

நாங்கள் எல்லோரும் இந்தக் கேள்விக்கு வைத்திருக்கும் பதில், எறும்பு கடித்த மாதிரி என்பது. அது என் வாய்வரை வந்தது. ஆனால் அவருடைய முதுகைப் பார்த்தேன். ஊசியை நான் இன்னும் கையில் எடுக்கவில்லை, முதுகு முழுவதும் பலகைபோல இறுகிக் கிடந்தது. இந்த மனிதருக்கு எறும்புக் கதை சொன்னால் முதல் ஊசியோடு திரும்ப எழும்பிவிடுவார், அக்காவின் கதிரையும் போதாது என்று பட்டது.

"நோகும் அண்ணை. மசில் ஒருக்காத் துடிக்கும், அப்ப நல்லா நோகும். நாளைக்கும் அடிச்சுப்போட்ட மாதிரி இருக்கும். பயமெண்டாப் பயப்பிடுங்கோ. தோளை மட்டும் ஆட்டாதேங்கோ."

அவர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"அப்ப பயப்பிடலாமோ மிஸ்?"

"வடிவாப் பயப்பிடலாம்."

பெரிய பெருமூச்சு ஒன்று வந்தது. முதுகு தளர்ந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சேசுவே, நான் பயந்தபடிதான் இருக்கிறன்" என்றார். நான் ஊசியை ஏற்றினேன். மசில் தூண்டிலில் அகப்பட்ட மீன்போலத் துள்ளியது. அவர் ஆடவில்லை.

எழுந்து கையைத் தூக்கிப் பார்த்தபோது காதுவரை போனது. அக்கா எழுந்தார். கதிரையைப் பின்கதவிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்தார்.

3. வெள்ளுடுப்பு

ஊசியால் மட்டும் தோள் சுகமாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஊசி இளக்கிவிடும், அதன்பிறகு பயிற்சிதான் வேலை. சுவரில் விரல்களால் மேலே மேலே ஏறச் சொல்லிக் கொடுத்தேன். அண்ணை இதற்குக் கோயில் சுவரைத் தெரிந்தெடுத்தார். காலையும் பின்னேரமும் கண்ணை மூடிச் சுவரைத் தடவிக்கொண்டு நிற்பவரைப் பார்த்து, மனிதருக்குப் பக்தி முற்றிவிட்டது என்று ஊர் பேசியது. சுவரில் ஏதாவது புதுமை, அற்புதம் நடந்ததா என்று என்னிடமே ஒரு அம்மா வந்து கேட்டார். எஞ்சினைப் பிளக் மாற்றித் துப்புரவாக்கி, லேசாக இழுக்கிற நிலையில் வைத்திருக்கவும் சொன்னேன். எஞ்சினைப் பார்க்காமல் தோளை மட்டும் பார்த்தால் அடுத்த மாதம் அதே ஆள் அதே கட்டிலில் கிடப்பார். கிழமைக்கு ஒருமுறை ஊசிக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் பயந்தார், ஒவ்வொரு முறையும் ஆடாமல் கிடந்தார்.

வெள்ளுடுப்பு ஞாயிறு பின்னேரம் கோயில் வளவில் நடந்தது. அண்ணாவியார் பகலில் பள்ளிக்கூட வான் ஓட்டுபவர், கூத்தையும் அதே கண்டிப்போடு ஓட்டுவார். மரத்துக்குப் பதிலாக ஒரு பாய்மரக் கம்பு நட்டிருந்தார்கள். அண்ணையின் கையை மேலே தூக்கிக் கட்டினார்கள். கை போனது. பிலோமினா அக்கா என் விரல்களைப் பிடித்த பிடியில் என் மோதிரம் சதைக்குள் இறங்கியது.

யோகன் வில்லை வளைத்தான். அம்பு வாழைத்தண்டில் செய்தது, ஒரு கோழியைக்கூடக் காயப்படுத்தாது. ஆனால் அது கிளம்பியதும் அண்ணை கண்ணை இறுக மூடினார். உதடு நடுங்கியது. பெரிய மூச்சு ஒன்று விட்டார். உடம்பு மட்டும் அசையவில்லை. பிறகு பாட்டை எடுத்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. அந்த முகத்தை நான் கிழமைக்கு ஒருமுறை என் கட்டிலில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாட்டு முடிந்ததும் அண்ணாவியார் கட்டை அவிழ்த்துவிட்டார். "இவ்வளவு காலமும் செபஸ்தியாருக்கு வந்த எல்லாரும் வீரமாத்தான் நிண்டவங்கள். நீர்தான் மனுசனாட்டம் நிண்டீர். எங்க பழகினனீர்?"

"ஆஸ்பத்திரியில" என்றார் அண்ணை.

பெருநாளிலும் அப்படியே ஆடினார். நேர்த்தி தீர்ந்தது.

அதன்பிறகு நான் யாருக்கும் எறும்பு என்று சொன்னதில்லை. பயம் போன பிறகுதான் ஊசி என்று காத்திருந்தால் நம் கட்டில்கள் வெறுமையாகத்தான் கிடக்கும். உள்ளதைச் சொல்லுங்கள். பயப்பட இடம் கொடுங்கள். ஆடாமல் இருக்க மட்டும் கேளுங்கள்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முந்தி யோகன் வந்தான். வில்லை இழுத்துப் பழகி முழங்கை பிடித்துவிட்டது. கூடவே அத்தானாகிய சந்தியோகு அண்ணையும் வந்தார். சும்மா பார்க்க வந்ததாகச் சொன்னார். அம்பு எய்தவன் ஊசிக்குப் படுப்பதைப் பார்க்கும் ஆசையை அவர் மறைக்கவே இல்லை. "மிஸ், இதைவிட நீளமான ஊசி இருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போய்ப் பின்கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

யோகன் ஊசியைப் பார்த்தான். முகம் வெளிறியது. "நோகுமோ மிஸ்?"

நான் வாயைத் திறக்கமுன் அண்ணை கட்டிலருகே குனிந்து அவனுடைய மற்றக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நோகும்டா" என்றார். "நீ பயப்பிடு. நான் பிடிச்சிருக்கிறன்."