வெள்ளிக்கிழமை வரிகள்

வெள்ளைப் பலகையின் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் பி.எச்.பி., அந்தப் பக்கம் கோ என்று இரண்டு கம்ப்யூட்டர் மொழிகளின் பெயரை நான் எழுதிய காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. இப்போது சான்பாடாவில் வேறு கம்பெனியில் இருக்கிறேன். எந்த மொழி என்று யார் பேச்செடுத்தாலும் எனக்குக் கூட வேலை பார்த்த அக்கா நினைவுதான் வரும். அன்று மும்பை செம்பூரில் சின்னக் கம்பெனி எங்களுடையது. பள்ளி வேன் எத்தனை மணிக்கு வரும் என்று பெற்றோரின் போனுக்குச் சொல்லும் வெப் சர்வீஸ். அதைப் புதிதாக எழுத மொழியைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டியிருந்தார்.

பழைய சர்வீஸ் முழுவதையும் பி.எச்.பி.யில் எழுதியவள் அக்கா. டிராம்பே பக்கம் சீத்தா கேம்ப்பிலிருந்து பஸ்ஸில் வருவாள். வயதில் என்னைவிட மூத்தவள், பதவியில் எனக்குக் கீழே. அவளுக்குத் தெரிந்தது அந்த ஒரு மொழிதான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. கோ என்று முடிவானால் அவளை அனுப்பிவிடுவதாக முதலாளி வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். அது அவளுக்கும் தெரியும். தெரிந்தும், மதியம் டப்பாவைத் திறந்தால் முதல் மீன் துண்டு எனக்குத்தான். “தின்னுட்டி, மொழி எதுவானாலும் பசி ஒண்ணுதான்” என்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தின்பேன்.

இரண்டிலும் எழுதி ஓட்டிப் பார்த்தேன். கோ பறந்தது. ஆனாலும் பி.எச்.பி.யே போதும் என்று அறிக்கை எழுதினேன். பொய்தான், வேறென்ன! அனுப்புவதற்குள் அக்கா படித்துவிட்டாள்.

“எனக்காண்டி எழுதுனியா? பாவம் பாத்து வேல குடுப்பியோ? எனக்கு வேண்டாம்ட்டி.”

கோபத்தோடு நாற்காலியை இழுத்துப் போட்டு, என் கோ புரோகிராம் அனுப்பிய செய்திகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஓரிடத்தில் நின்றாள். “வேகமாத்தான் ஓடுது. வெள்ளிக்கிழம பிள்ளையள விட்டுட்டுல்லா ஓடுது!”

ஜும்மா தொழுகைக்காகச் சில பள்ளிகள் வெள்ளிக்கிழமை சீக்கிரம் விட்டுவிடும். அதற்கென்று அக்கா எழுதியிருந்த வரிகளை, புரியாத குப்பை என்று நான் தூக்கியெறிந்திருந்தேன். மழையில் டிராம்பே சாலையில் தண்ணீர் தேங்கினால் வேன் சுற்றிப்போகும் வழியும் அந்தக் குப்பையில்தான் போயிருந்தது. எல்லாம் டிரைவர்களோடு பேசிப் பேசி அவள் சேர்த்தவை, வேறெங்கும் எழுதிவைக்கவில்லை. ஐயோ, எனக்கு மானம் போயிற்று.

அறிக்கையை மாற்றினேன். மொழி கோ. எழுதப்போவது நானும் அக்காவும். அவள் இல்லாவிட்டால் நான் இதைத் தொடமாட்டேன் என்று முதலாளியிடம் நேராகவே சொன்னேன். கற்றுக்கொள்ள நாளாகுமே என்று இந்தியில் முனகினார். ஆகட்டும் என்றேன். அரைமனதாகத் தலையாட்டினார்.

வந்து சொன்னதும் அக்கா எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். கண் சிவந்திருந்தது.

“வேல போயிரும்னு வீட்டுல சொல்லிட்டுத்தான் வந்தேன்ட்டி.”

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவள் அதற்குள் என் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“சரி, அழாம சொல்லு. மொத வரி என்ன அடிக்கணும்?”