சந்தேகம் திரும்பிப் போன வீடு

தொழிலில் அவரை எல்லோரும் 'சந்தேகம்' என்றுதான் கூப்பிடுவார்கள். வீடுகளில் கார் ஷெட்டுக்கு மேலேறி இறங்கும் மோட்டார் கதவு போடுகிறார்களே, அதைப் பழுது பார்க்கிறவர். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. ஸ்பிரிங் மாற்றுவது, உருளைக்கு எண்ணெய் விடுவது எல்லாம் கை தானாகச் செய்யும். மனசுதான் சொன்ன பேச்சைக் கேட்காது. வேலை முடிந்து பாதி வழி வந்ததும், 'அந்த போல்ட்டை முறுக்கினோமா?' என்று ஆரம்பிக்கும். வண்டியைத் திருப்புவார். போய்ப் பார்த்தால் போல்ட் அசையாமல் இருக்கும்.

இந்த வருஷம் மட்டும் பதினோரு தடவை அப்படித் திரும்பிப் போனார். பதினோரு தடவையும் ஒன்றுமில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய், வேறென்ன சொல்ல? வீட்டில் தையல் மெஷினோடு மல்லுக்கட்டும் அவர் மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "இன்னொரு தடவை திரும்பிப் போனீங்கன்னா, அங்கேயே இருந்துக்குங்க. பூட்டுன பூட்டை ஆட்டிப் பாக்குறதுக்கும் ஒரு அளவு வேணும்" என்று போன மாதம் சொல்லிவிட்டார். இனிமேல் போவதில்லை என்று இவரும் வாக்குக் கொடுத்திருந்தார்.

அன்று காலை போன வீட்டில் இரண்டே பேர். மருந்துக்கடையில் வேலை செய்யும் ஒரு அம்மா, அவருடைய வயதான அப்பா. பெரியவருக்கு வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது, முன்வாசலில் ஐந்து படி. அதனால் கார் ஷெட்தான் அவருக்கு வாசல். தினமும் மூன்று மணிக்கு மகள் காரை எடுத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார். பின்னாலேயே பெரியவர் காற்று வாங்க வெளியே வருவார், திரும்பி உள்ளே போக வெளிச்சுவரில் ஒரு பட்டன் உண்டு. மகள் தெரு முனையிலிருந்தே ரிமோட்டை அழுத்துவார், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். காரணம், கதவின் இரண்டு பக்கமும் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஒன்றையொன்று பார்த்தபடி இரண்டு சென்சார் கண்கள் இருக்கின்றன. நடுவில் ஆள் வந்தால் கதவு மேலே போய்விடும்.

"எங்கப்பாவுக்காக அது காத்திருக்கும்" என்று அந்த அம்மா பெருமையாகச் சொன்னார். "இப்பதான் யாருமே இல்லாதப்பவும் மேல போயிடுது."

கோளாறு கண்ணிலா மோட்டாரிலா என்று பார்க்க இந்தத் தொழிலில் ஒரு குறுக்கு வழி உண்டு. இரண்டு கண்ணையும் கழற்றி, நேருக்கு நேர் ஒட்ட வைத்து, டேப் சுற்றி மோட்டார் பக்கத்தில் கட்டிவிடுவது. பிறகு நடுவில் யாரும் வரவே முடியாது, கதவு நிம்மதியாக இறங்கும். இவரும் அப்படிச் செய்தார். கதவு ஒழுங்காக இறங்கியது. கோளாறு கண்ணில்தான் என்று, முதலில் அது இருந்த இடத்துத் தூசியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டிருக்கும்போதே கதவின் அடி ரப்பர் கிழிந்திருப்பது தெரிந்தது. அதை மாற்ற ஒரு மணி நேரம் ஆனது. மறுபடி ஓட்டிப் பார்த்தால் கதவு வெண்ணெயாக வழுக்கியது. அந்த அம்மாவுக்கு சந்தோஷம், இவருக்கும் சந்தோஷம். கிளம்பிவிட்டார்.

சாப்பிட உட்கார்ந்ததும் குரல் வந்தது. 'கண்ணைத் திரும்ப மாட்டினாயா?'

மாட்டினேன், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறையும் மறந்ததில்லையே. ஆனால் மாட்டியது ஞாபகத்துக்கு வரவில்லை. ரப்பர் ஞாபகம் வந்தது, அந்த அம்மா சிரித்தது ஞாபகம் வந்தது. சாப்பாடு இறங்கவில்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆரம்பிச்சிட்டீங்களா?" என்றார். "இல்லையே" என்று குனிந்துகொண்டார். வாக்குக் கொடுத்தவராயிற்றே.

இரண்டரை மணிக்கு, துவைக்கப் போட்ட சட்டையின் பையைத் துழாவிய மனைவி உள்ளிருந்து கேட்டார். "இதென்ன, காது வெச்ச நட்டு ரெண்டு? எந்த வீட்டுது?"

அவர் எழுந்து ஓடிப்போய்ப் பார்த்தார். கண்ணைப் பிடித்து நிறுத்தும் நட்டுகள் அவை. சோதனைக்குக் கழற்றியதும் பையில் போட்டுக்கொண்டவை.

மனைவிக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "போங்க. சீக்கிரம் போங்க" என்று அவரே சாவியை எடுத்துக் கையில் திணித்தார்.

ஒவ்வொரு சிக்னலிலும் போன் போட்டார். அந்த அம்மா எடுக்கவில்லை. இடித்தால் திரும்பும் வசதி அந்தப் பழைய மோட்டாருக்குப் பேருக்குத்தான், அதுவும் அவருக்குத் தெரியும். இரண்டு ஐம்பது. இரண்டு ஐம்பத்தைந்து. முன்னால் ஒரு லாரி, நகரவே இல்லை. பதினோரு தடவை வீணாகத் திரும்பியபோது வழியில் ஒரு தடையும் இருந்ததில்லை. இன்றைக்கு உலகமே குறுக்கே நின்றது. ஏழாவது தடவை போன் போட்டபோது மூன்று ஐந்து.

தெருவில் திரும்பியதும் கதவைப் பார்த்தார். முழங்கால் உயரத்தில் நின்றிருந்தது. அதன் அடியில் வாக்கர் நசுங்கிக் கிடந்தது. பெரியவரைக் காணோம்.

வண்டியைப் போட்டுவிட்டு ஓடினார். தரையில் குப்புறப் படுத்துக் கதவுக்கடியில் ஊர்ந்து உள்ளே போனார். பெரியவர் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. இவருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அவர் பக்கத்திலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

"நல்ல வேளை, நீங்க வந்தீங்க தம்பி" என்றார் பெரியவர். "எழுந்திருக்கக் கால் வரல. கதவு தலைக்கு நேரா வந்துச்சு, வாக்கரை விட்டுட்டு உள்ள சாஞ்சுட்டேன். மககிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. நான் மெதுவா நடந்ததுதான் தப்பு. தெரிஞ்சா என்னை வெளிய விடவே மாட்டா."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல, சொல்லாதே என்று பாதிக்கப்பட்டவரே கெஞ்சுகிறார். ஐந்து நிமிஷத்தில் கண்ணை மாட்டிவிட்டுப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. அந்த ஆசை வந்ததை இவரே பிற்பாடு மறைக்கவில்லை. ஆனால் பெரியவரின் முகத்தைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது.

"உங்க மேல ஒரு தப்பும் இல்லைங்கய்யா. கதவோட கண்ணை நான்தான் கழட்டிட்டு மாட்ட மறந்துட்டேன்."

பெரியவர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "அப்ப, நான் எப்பவும்போலத்தான் நடந்தேனா?" என்று மெல்லக் கேட்டார்.

"எப்பவும்போலத்தாங்கய்யா."

கதவைத் திறந்து, பெரியவரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணை மாட்டி முடிக்கவும் மகளின் கார் திரும்பி வரவும் சரியாக இருந்தது. ஏழு மிஸ்டு காலைப் பார்த்துப் பதறித் திரும்பியிருக்கிறார். இவர் ஒன்று விடாமல் சொன்னார். அந்த அம்மா நசுங்கிய வாக்கரைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் இவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"இப்ப நிக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

வழக்கமாக ஒரு பக்கெட்டை நடுவில் வைத்துத்தான் காட்டுவார்கள். இவர் பக்கெட்டைத் தேடவில்லை.

"அழுத்துங்கம்மா."

கதவு இறங்கத் தொடங்கியதும் போய் அதன் அடியில் நின்றார். கதவு நின்று, மேலே போனது. ஒதுங்கினார். அந்த அம்மா மறுபடி அழுத்தினார். இவர் மறுபடி போய் நின்றார். கதவு மேலே போனது. மறுபடியும் அழுத்தினார். நாலாவது தடவை அந்த அம்மாவின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது, விரல் மட்டும் பட்டனை விடவில்லை. அஞ்சாவது, ஆறாவது. போதும் என்று இவர் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் போய் நின்றார்.

"விடும்மா" என்றார் நாற்காலியிலிருந்து பெரியவர். "அந்த மனுஷனும் பயந்துதான் வந்திருக்காரு."