மூன்று பேரிடம் மூன்று எஞ்சின்

இணையத்தில் வேறு பெயரில் ஒரு விண்கப்பல் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். பகலில் நெய்வேலியில் ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலை, அதுவும் கான்ட்ராக்ட். மதியம் சாப்பிட்ட கையோடு ஆபீஸ் கம்ப்யூட்டரிலேயே இரண்டு அத்தியாயங்களை அடித்திருந்தேன். தெரிந்தால் சீட்டு கிழிந்துவிடும்.

ஐந்தாம் அத்தியாயத்துக்கு ஒரு பின்னூட்டம் வந்தது. 'ரெண்டு எஞ்சினையும் ரெண்டு பக்கமும் நீளக் கைகளில் தள்ளி வைத்திருக்கிறீர்கள். ஒன்று நின்றால் கப்பல் தட்டாமாலை சுற்றும். நம்ம மைன்ஸில் ஒரு பக்கச் சங்கிலிப் பட்டை நின்ற புல்டோசரைப் பார்த்ததில்லையா?'

சொன்னது சரி. என் கதையில் எதிரிகள் துரத்திச் சுட்டு ஓர் எஞ்சின் வெடித்த பிறகும் கப்பல் நேராகவே பறந்தது. ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது 'நம்ம மைன்ஸ்' என்பதைத்தான். நான் எந்த ஊர் என்று எங்கேயும் எழுதவில்லை.

நான் எழுதுவது மூன்று பேருக்குத்தான் தெரியும். கணவர், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், எதிர் குவார்ட்டர்ஸ் பெண். அவள் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் ஓரம் சிந்தும் மண்ணை அள்ளுபவள். அவளை ஒப்புக்குத்தான் கணக்கில் சேர்த்தேன். சந்தேகமெல்லாம் பக்கத்து சீட்டின் மேல். அவர் போனைப் பார்த்துச் சிரித்தால் எனக்கு வியர்த்தது. கணவர் குளிக்கப் போனபோது அவர் போனையும் எடுத்துப் பார்த்தேன்.

பொறுக்க முடியாமல் ஒரு வலை விரித்தேன். அடுத்த அத்தியாயத்தில் கப்பலுக்கு வால் பக்கம் ஒரே பெரிய எஞ்சின் என்று கணவரிடம் சொன்னேன். வளையமாக ஆறு எஞ்சின் என்று பக்கத்து சீட்டுக்காரரிடம். முன்னால் எஞ்சின், பின்னால் கம்பியில் கட்டி இழுபடும் கப்பல் என்று எதிர்வீட்டுப் பெண்ணிடம்.

அத்தியாயத்தைப் பதிவேற்றும் முன்பே, மூன்றாம் நாள் பின்னூட்டம் வந்தது. 'எஞ்சினை முன்னால் வைத்தால் கப்பல் உடம்பு லேசாக இருந்தால் போதும். ஆனால் நெருப்பு பின்னால் வருகிறவர்கள் மேல்தான் அடிக்கும். எஞ்சின் வாயை வெளிப்பக்கமாகச் சாய்த்தால் தப்பிக்கலாம், இழுவை கொஞ்சம் வீணாகும்.'

செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானா?"

"ஆமாங்க்கா. தப்பா எழுதிட்டனா?"

"நேர்ல சொல்லக்கூடாதா?"

"மண்ணு அள்றவ சொன்னா கேட்டுகினு இருப்பீங்களா? பேரு தெரியாதவங்க சொன்னதும் யோசிச்சீங்கல்ல."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். "நான் எழுதுறத வேற யார்கிட்டயாவது சொன்னியா?" என்றேன்.

அவள் கை நின்றது. "இதக் கேக்கத்தான் வந்தீங்களா?"

அவள் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஒரு வாரம் நான் எதையும் பதிவேற்றவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தைத் திருத்தினேன். கப்பலின் நீளக் கைகளை எடுத்துவிட்டு, வாலை ஒட்டி நெருக்கமாக நான்கு எஞ்சின்கள். ஒன்று வெடித்தால் அதற்கு எதிரே இருப்பதையும் அணைத்துவிடுவார்கள். கப்பல் நேராகப் போகும். தாளில் எழுதி அவளிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

"அன்னைக்கு அப்படிக் கேட்டிருக்கக்கூடாது" என்றேன்.

அவள் என்னைப் பார்க்காமலே கடைசி வரி வரை படித்தாள்.

"ரெண்டு எஞ்சின்தான் ஓடுதுன்னா இழுவ பாதியாப் பூடுமே. தொரத்தினு வர்றவன் புடிச்சிருவானே?"

அதை நான் யோசிக்கவே இல்லை.

"புடிக்கட்டும்க்கா" என்றாள். "அப்பதான் கத."