சஷ்டியன்று வென்ற ஜக்கெற்

புரோசார்ட் நகரில் என் வீட்டு நிலவறையில் ஒரு நீல ஜக்கெற் தொங்குகிறது. முதுகில் என் கல்லூரி அணியின் பெயர், அதன் கையில் வெற்றிக் கிண்ணம் வென்ற வருஷம்: தொண்ணூற்றாறு. போன ஞாயிறு என் மகள் அதைத் தோண்டியெடுத்துப் போட்டுக்கொண்டு மேலே வந்தபோது, சாப்பாட்டு மேசையில் மச்சான் இருந்தான். சோறு போட்டுக்கொண்டிருந்த நான் அகப்பையைக் கீழே வைத்தேன்.

மச்சான் என் மாமியின் மகன். மாமாவை ஊரில் விட்டுவிட்டு மாமியும் அவனும் அகதிகளாக வந்து, வில்லரே என்ற பகுதியில் எங்களுக்கு அடுத்த தெருவில் இருந்தார்கள். அவன் பிரெஞ்சுக் கல்லூரி, நான் ஆங்கிலக் கல்லூரி. இருவருக்கும் பிடித்த பைத்தியம் ஒன்றுதான்: தலைக்கவசம் மாட்டி, முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்தபடி ஓடும் இந்த நாட்டுப் புட்போல். அந்தப் பருவத்தில் அவனுடைய அணி ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை. பந்தோடு ஓடுகிறவன் அவன்தான். எங்கள் அணியோ முதல் மூன்று ஆட்டங்களையும் கோட்டைவிட்டு, பிறகு தட்டுத்தடுமாறி மேலே வந்தது. நான் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். மாமி வீட்டுக்குப் போனால் பேச்செல்லாம் அவனைப் பற்றித்தான். எனக்கு வயிறு எரியும். அதை மறைப்பதில் அர்த்தமில்லை.

கடைசியில் மிஞ்சிய இரண்டு அணிகளும் எங்களுடையவைதான். கிண்ண ஆட்டம் கந்தசஷ்டியின் ஆறாம் நாளில் வந்து விழுந்தது. மாமா அப்போது போர் நடந்த வன்னியில். ஐந்து மாதமாகக் கடிதம் இல்லை. ஆட்டத்துக்கு முதல்நாள் மெற்றோ ரயிலில் மச்சான் என் காதோடு சொன்னான்: "அஞ்சு நாளாய் விரதம், நாளைக்கும் பிடிப்பன். பகலிலை தண்ணி மட்டும்தான், பின்னேரம் பாலும் பழமும். அப்பா உயிரோடை வந்து சேரவேணும். கோச்சுக்குத் தெரிஞ்சால் ஆட இறக்கமாட்டார், ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஓம், சொல்லமாட்டன்" என்றேன்.

மறுநாள் காலை என் கோச்சிடம் சொன்னேன். அவன் ஐந்து நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை, ஓடவிட்டுக் களைக்க வையுங்கள், ஆட்டத்தின் கடைசிக் கால்வாசியில் அடியுங்கள் என்றேன். அப்படியே நடந்தது. அதுவரை எங்களைக் கதறவைத்தவனுக்குக் கடைசியில் கால் பின்னியது. நான் செய்த உதவிக்குக் கூலியாகக் கோச் என்னை இறக்கினார். பந்தோடு வந்த மச்சானின் இடுப்பில் மோதினேன். பந்து நழுவியது, நாங்கள் எடுத்தோம், வென்றோம்.

மாமா இறந்த செய்தி தை மாதம் வந்தது. வீடு நிறையச் சனம். மச்சான் என் தோளில் சாய்ந்து, "முருகனிட்டை ரெண்டு கேட்டுப்போட்டன், மச்சான். அப்பாவையும் கேட்டன், கிண்ணத்தையும் கேட்டன். பேராசைப்பட்டன், ரெண்டும் இல்லாமல் போச்சு" என்றான். நான் அவன் முதுகைத் தட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். அதற்குப் பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. கோயிலுக்கு மாமியைக் கூட்டிப்போனாலும் உள்ளே வருவதில்லை. வாசலில் சப்பாத்துகளுக்குக் காவல் நிற்பான்.

என்னை நானே மன்னிக்கவில்லை என்று எழுதினால் அழகாக இருக்கும். உண்மை, அந்த ஜக்கெற்றை நான் எறியவில்லை.

ஞாயிறன்று மச்சான் அதன் கையைத் தடவிப் பார்த்து, "உன்ரை அப்பாதான் அண்டைக்கு என்னை விழுத்தினவர், தெரியுமோ? சோக்கான அடி!" என்று மகளிடம் பெருமையாகச் சொன்னான். அவள் என்னைப் பார்த்தாள்.

"கறி ஆறுது, சாப்பிடு மச்சான்" என்று சொல்லி, அவன் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போட்டேன்.