தோள்வலி என்றுதான் நினைத்தோம்

காலை ஆறு இருபது. இட்லிக் கொப்பரையை அடுப்பில் ஏற்றிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால்தான் மணி நினைவிருக்கிறது. என் கணவர் இடது தோளைப் பிடித்தபடி அடுக்களை வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, கொஞ்சம் உப்பு வறுத்துத் தாயேன். கடல் இன்னைக்கு ரொம்பக் கடிக்கி."

அது எங்கள் வீட்டுப் பேச்சு. அவர் முத்துச்சிப்பி ஆராய்ச்சியாளர். இருபது வருடத்துக்கும் மேலாகக் கடலில் முங்கி முங்கி, அந்தத் தோளில் ஒரு வலி தங்கிவிட்டது. முங்குகிற பலருக்கும் உள்ளதுதான். கல்லுப்பை வறுத்து, பழைய வேட்டித்துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தால் அரைமணியில் இறங்கிவிடும். அன்றும் கொடுத்தேன். "இப்பம் பரவால்ல" என்று சட்டையை மாட்டினார். நான் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். இதயத்தைப் பற்றி எத்தனையோ வகுப்புகளில் பேசியிருக்கிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கும் எங்கள் மகளுக்கு அன்று அரையாண்டுத் தேர்வு. தேர்வு நாளில் அவளை வேனில் அனுப்பமாட்டார். தானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டு ஆய்வகத்துக்குப் போனவர், வண்டியை நிறுத்திய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாராம். நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. "வலி ஆரம்பிச்ச உடனே கூட்டிட்டு வந்திருந்தா..." என்று தொடங்கிய மருத்துவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

பனங்காட்டு ஊர்ப் பலசரக்குக் கடைக்காரரின் ஒரே மகன் அவர். "கடையில மூட்டை எண்ணச் சொன்னா கசக்கு. கடலுக்குள்ள போயி சிப்பி எண்ணுதான்" என்று மாமனார் கடைசிவரை கேலி செய்தார். இவர் எண்ணத்தான் செய்தார். ஒரு காலத்தில் சிப்பி குவிந்து கிடந்த கடலடிப் பாறைத்திட்டுகளுக்கு அது ஏன் திரும்பி வரவில்லை என்பதே அவருடைய கேள்வி. ஆய்வகத் தொட்டியில் குஞ்சுச்சிப்பி வளர்த்து அங்கே கொண்டுபோய் விடுவார். அடுத்தமுறை போகும்போது பாதிக்கு மேல் செத்திருக்கும். மறுபடியும் வளர்ப்பார்.

மீன் கொண்டுவரும் அக்காவுக்கு என் காதைப் பார்த்தாலே சிரிப்பு. "முத்து சார் வீட்டம்மா காதுல பிளாஸ்டிக் முத்து!"

"நான் சிப்பிக்கு வைத்தியன்க்கா, களவாணி இல்ல" என்று இவர் உள்ளேயிருந்து குரல் கொடுப்பார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மீனில் முள்ளெடுத்துக் கொடுப்பார். சிப்பி ஓடு கீறிய விரல்கள்; ஒரு முள் தப்பாது.

"அடுத்த வருசம் காலேஜுக்கு முள்ளெடுக்க நீங்களும் வாரியளா?" என்று நான் குத்திக்காட்டினால், "ஹாஸ்டல்ல சேத்துக்கிட்டா போவேன்" என்பார்.

அவர் போன மூன்றாம் நாள் மகள் சொன்னாள்: "அம்மா, அன்னைக்கு அப்பா ஒத்தக் கையாலதான் வண்டி ஓட்டுனாங்க. நான் பாத்தேன். பரீட்சைக்கு நேரமாவுதுன்னு ஒண்ணும் கேக்கல."

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவேயில்லை. சாப்பாடு குறைந்தது. அவள் அறைக்கதவு சாத்தியிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டுவேன். "உன்னால இல்லம்மா" என்று சொல்லிப் பார்த்தேன். உப்பு வறுத்துக் கொடுத்தவள் சொல்லும் ஆறுதல் அவளுக்கு எப்படிப் போதும்? வலி அன்று காலையில்தான் தொடங்கியதா, முன்பே இருந்ததா? அது தெரிந்தால் அவளிடம் உறுதியாக ஒரு வார்த்தை சொல்லலாம் என்று தோன்றியது.

தெரிந்திருக்கக்கூடியவர் ஒருவர்தான். ஆலந்தலைக்காரர், சங்கு குளித்துப் பழகியவர். என் கணவருக்குக் கடலடியில் அவர்தான் துணை. முந்தின நாளும் இருவரும் ஒரே படகில் போயிருந்தார்கள். ஆனால் அவர் அடக்கத்துக்கு வரவில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. கூடவே முங்கிய மனுஷனுக்கு ஒரு பிடி மண் போடக்கூட வரமுடியாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலை, அந்த ஆலந்தலைக்காரர் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிட்ட பிறகும் உட்காரவில்லை. மகள் தண்ணீர் கொண்டுவந்தாள், வாங்கவில்லை. அவளை வைத்துக்கொண்டு கேட்கலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கேட்டேன்.

"முந்தின நாளே அவங்களுக்கு வலி இருந்துச்சா?"

"இருந்துச்சு டீச்சரம்மா. ஒரு வாரமாவே இருந்துச்சு. வீட்டுல யாருட்டயும் சொல்லலன்னாக. அன்னைக்குப் போட்டுல கைய உதறிக்கிட்டே, 'அண்ணாச்சி, இது வேற மாதிரி வலியா இருக்கே'ன்னு எங்கிட்டதான் கேட்டாக. 'என்ன சார், அதுக்குள்ள கெழவனாயிட்டியளா'ன்னு நான் சிரிச்சேன். அவுகளும் சிரிச்சிட்டாக. மாதா சத்தியமா, ஒங்க ரெண்டு பேரு மூஞ்சியிலயும் முழிக்க முடியாமதான் நான் இங்கன வரல."