கொள்ளுக் கஞ்சி ரிப்போர்ட்

செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் என் கணவருக்கு ஷிப்ட் வேலை. வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப். அதற்குப் பத்து நாள் முன்னாலிருந்து உப்பில்லாத கொள்ளுக் கஞ்சியும் வெள்ளரிக்காயும்தான். எங்கள் வீடு மட்டுமில்லை, அந்த ஷிப்ட் முழுக்க அப்படித்தான். பிளாண்டுக்குள் போக அன்ஃபிட் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். ரத்தம் கொடுத்த அன்று மதியமே பிரியாணி. மீதி வருஷம் முழுக்க நாக்கு வைத்ததுதான் சட்டம்.

"ஒடம்பு சுத்தமாயிடுச்சு, பாத்தியா?" என்று ரிப்போர்ட்டை என் முகத்துக்கு நேரே ஆட்டுவார். கொழுப்பு சரி, பிரஷர் சரி. நானும் நம்பினேன். நம்பியது மட்டுமா, கஞ்சி காய்ச்சிக் கொடுத்தவளே நான்தான். நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

போன தை மாதம் கிள்ளையில் ஒரு கல்யாணம். பந்தியில் உட்கார்ந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சட்டை வியர்வையில் நனைந்துவிட்டது. காரில் தூக்கிப் போட்டுச் சிதம்பரத்துக்கு ஓடினோம். ரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்தார்.

மறுநாள் டாக்டரம்மா பழைய ரிப்போர்ட் கேட்டார். என் தம்பி கடலூரிலிருந்து ஃபைலைக் கொண்டுவந்தான். "எல்லாம் நார்மலா இருக்கே. முன்னாடியே தெரிஞ்சிருந்தா அப்பவே மாத்திரை ஆரம்பிச்சிருக்கலாம்மா" என்றார்.

"அது பத்து நாள் வாயக் கட்டி வாங்குன ரிப்போர்ட் மேடம்" என்றேன்.

"பத்து நாள்ல நம்பர் எறங்கும். பல வருஷமா படிஞ்சது எங்க போவும்?" என்று ஃபைலை மூடினார். வெட்கத்தில் எனக்குத் தலை நிமிரவில்லை.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டவன் என் தம்பி. அவனுக்கும் அதே கம்பெனிதான். என் கணவர் வீடு திரும்பிய பிறகு ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தவன், கிளம்பும்போது சமையல்கட்டில் எட்டிப் பார்த்து, "அக்கா, பத்து நாள்ல செக்கப். கஞ்சிக்குக் கொள்ளு எவ்ளோ போடுவ?" என்றான்.

"வெக்கமா இல்ல ஒனக்கு? மாமா நெஞ்சுல ஸ்டென்ட் வச்சிக்கினு படுத்துக் கெடக்காரு!" என்று கரண்டியை அவன் மேல் வீசினேன். அவன் போனதும் அவன் மனைவிக்குப் போன் போட்டேன். செக்கப் வரைக்கும் தினம் தின்பதையே தின்னட்டும், கஞ்சி என்று ஒன்று அடுப்பில் ஏறினால் உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். அவள் அப்படியே செய்தாள்.

ரிப்போர்ட்டில் கொழுப்பும் பிரஷரும் எகிறியிருந்தன. தம்பியைப் பிளாண்டிலிருந்து ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. மாத்திரை போடுகிறான்.